ஆனிமேரிக்குப் பழகாதது

வேலை முடிந்து வீட்டுக்கு வந்தால் ஆனிமேரி முதலில் அடுப்படிக்குப் போகமாட்டாள். செருப்பை வாசலில் உதறிவிட்டு நேராகப் பின்பக்கக் குழாயடிக்குப் போவாள். துணி துவைக்கிற பார் சோப்பை எடுத்து விரல் நுனியிலிருந்து முழங்கை வரைக்கும் தேய்ப்பாள். கழுவுவாள், முகர்ந்து பார்ப்பாள், மறுபடியும் தேய்ப்பாள். செல்லூரில் அவர்கள் குடியிருந்த சந்தில் இருபக்கமும் விசைத்தறிகள் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தத்தில் அவள் ஓங்கரிப்பது யாருக்கும் கேட்டதில்லை.

கே.கே. நகர்ப் பக்கம் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் அவள் வார்டு ஆயா. எழுந்து நடமாட முடியாத நோயாளிகளுக்கு மலஜலம் எடுப்பது, உடம்பு துடைப்பது, படுக்கை மாற்றுவது இவைதான் வேலை. மகன் ஜெய்சன் கைக்குழந்தையாக இருந்தபோது சேர்ந்தது. கணவன் மைக்கேல்ராஜ் ஆரப்பாளையம் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே பைக் சீட் தைக்கிற கடை வைத்திருந்தான். அந்தச் சமயம் கடை சரியாக ஓடவில்லை. ஆஸ்பத்திரியில் ஆள் எடுக்கிறார்கள் என்று கோயிலில் யாரோ சொன்னார்கள். கூட்டிப் பெருக்குகிற வேலையாக இருக்கும் என்று நினைத்துத்தான் போனாள். முதல் நாளே கையில் ஒரு வாளியும் பழந்துணியும் கொடுத்துக் கடைசிக் கட்டிலைக் காட்டினார்கள். அதை முடித்துவிட்டுக் கழிவறைக்குள் போய்க் குடல் வெளியே வந்துவிடும்போல வாந்தி எடுத்தாள்.

"ஒரு வாரம் அப்பிடித்தான் இருக்கும். பெறகு பழகிரும்" என்றாள் கூட வேலை பார்த்த ஒருத்தி.

பழகவில்லை. வாயால் மூச்சு விடப் பழகிக்கொண்டாள். கை வேலை செய்யும்போது கண்ணை ஜன்னல் பக்கம் வைத்துக்கொள்ளப் பழகிக்கொண்டாள். யாரையும் விட வேகமாக முடித்துவிட்டு வெளியேறப் பழகிக்கொண்டாள். அருவருப்பு மட்டும் முதல் நாள் இருந்த இடத்திலேயே குத்தவைத்து உட்கார்ந்திருந்தது. வருஷங்கள் போனதில் நாற்றம் அவளுக்கு இன்னும் நுணுக்கமாகத் தெரிய ஆரம்பித்ததே ஒழியக் குறையவில்லை. குழைந்த சோறு அவளுக்கு ஆகாது. பருப்பைக் கடைந்து வைத்தால் அதைப் பார்க்காமலேயே பரிமாறுவாள்.

இதை அவள் யாரிடமும் சொன்னதில்லை. வேகமாகவும் முகம் சுளிக்காமலும் வேலை செய்ததால் ஆஸ்பத்திரியில் அவளுக்கு நல்ல பெயர். மகளிர் தினத்துக்குச் சால்வை போர்த்தி, 'தாயுள்ளம் கொண்டவர்' என்று மைக்கில் பேசினார்கள். பங்குச் சாமியார் ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பிரசங்கத்தில் பேரைச் சொல்லியே பாராட்டினார். பெஞ்சில் உட்கார்ந்திருந்த ஆனிமேரிக்கு அன்று காலையில் துடைத்த முதுகுப் புண்தான் நினைப்பில் வந்தது. எச்சிலை விழுங்கிக்கொண்டு சிரித்து வைத்தாள்.

மகனுக்கு அவள் கையால் ஊட்டியதே இல்லை. எத்தனை சோப்புப் போட்டாலும் அந்த விரல்களைக் குழந்தையின் வாய்க்குள் வைக்க அவளுக்கு மனசு வரவில்லை. ஸ்பூனில்தான் ஊட்டினாள். "என்ன, துரை வீட்டுப் பிள்ளையா வளக்குற!" என்று பக்கத்து வீட்டுப் பெண்கள் கேலி செய்தார்கள். செய்துகொள்ளட்டும். இவன் வளர்ந்து மேஜை முன்னால் உட்கார்ந்து வேலை பார்க்கிறவனாக வரவேண்டும், இன்னொருவன் அசிங்கத்தில் இவன் கை படக்கூடாது என்பதுதான் அவளுடைய ஒரே வைராக்கியம். மிஷன் பள்ளிக்கூடத்தில் படிக்க வைத்தாள். கல்லூரியில் பி.காம். முடிக்க வைத்தாள். பைபாஸ் ரோட்டில் ஒரு செல்போன் ஷோரூமில் வேலைக்குப் போன ஜெய்சன், ஏ.சி. காற்றில் சட்டை கசங்காமல் வீடு திரும்பியதைப் பார்த்தபோது அவளுக்கு நெஞ்சு நிறைந்தது.

ஒரு வருஷம் போனதும் அவன் காளவாசல் பக்கம் ஒரு பயிற்சி நிலையத்தில் ஜப்பான் மொழி படிக்கச் சேர்ந்தான். பரீட்சையும் பாஸ் பண்ணினான். கம்ப்யூட்டர் வழியே நடந்த இன்டர்வியூவிலும் தேறிவிட்டான். ஜப்பானில் வேலை.

"என்ன வேலைடா?" என்று ஆனிமேரி கேட்டாள்.

ஜெய்சன் அப்பாவின் முகத்தைப் பார்த்தான். மைக்கேல்ராஜ் முந்திக்கொண்டு, "கைகோன்னு ஒரு பெரிய கம்பெனி மேரி. ஊரெல்லாம் பிராஞ்ச் இருக்காம். மெடிக்கல் லைன்" என்றான்.

கைகோ என்பது கம்பெனி இல்லை என்று பயிற்சி நிலையம் நடத்திய வழியனுப்பு விழாவில்தான் அவளுக்குத் தெரிந்தது. ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் நடந்தது விழா. பெற்றோர்களுக்கெல்லாம் முன்வரிசையில் நாற்காலி. குத்துவிளக்கு ஏற்றினார்கள், பிள்ளைகள் ஜப்பான் மொழியில் பாட்டுப் பாடினார்கள். பிறகு மேடையில் ஒரு கட்டிலைப் போட்டார்கள். ஒரு பையன் அதில் நோயாளி மாதிரிப் படுத்தான். ஜெய்சன் வெள்ளைக் கிளவுஸ் மாட்டிக்கொண்டு வந்து, கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து வணங்கி, படுத்திருந்தவனை ஒருபக்கமாகத் திருப்பி, பேன்ட்டுக்கு மேலேயே ஒரு டயாப்பரைக் கட்டி அவிழ்த்துத் துடைத்துக் காட்டினான்.

"கைகோ என்றால் முதியோர் பராமரிப்பு. இது தொழில் அல்ல, தொண்டு!" என்று சிறப்பு விருந்தினர் மைக்கைப் பிடித்துக்கொண்டு முழங்கினார். கூட்டம் கைதட்டியது. பக்கத்தில் உட்கார்ந்து மைக்கேல்ராஜும் தட்டினான்.

ஆனிமேரி மேடையையே பார்த்தாள். அந்த மடக்கு, அந்தத் திருப்பல், முன்னிருந்து பின்னாக அந்த ஒற்றைத் துடைப்பு. தன் உடம்பு இத்தனை வருஷம் செய்த அத்தனையையும் மகனின் உடம்பு மேடைமேல் விளக்கு வெளிச்சத்தில் சிரித்துக்கொண்டே செய்தது. கொடுத்த கேசரித் தட்டை நாற்காலிக்கு அடியில் வைத்துவிட்டு எழுந்து படியிறங்கினாள்.

மைக்கேல்ராஜ் பின்னாலேயே ஓடிவந்தான். "ஏய் மேரி, எங்க போற? போட்டோ எடுக்கணும்ல?"

"ஒங்களுக்கு முன்னாடியே தெரியும்."

"தெரியும்தான். சொன்னா நீ விட்டிருப்பியா?"

"கம்பெனியாம் கம்பெனி! ச்சை, என் மூஞ்சில முழிக்காதீங்க" என்றாள். ஷேர் ஆட்டோ கோரிப்பாளையம் தாண்டுகிற வரைக்கும் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டே வந்தாள்.

அதன்பிறகு வீட்டில் அவள் இரண்டு பேரிடமும் பேசவில்லை. சோறு வைப்பாள், போய்விடுவாள். கணவன் சாப்பிடும்போது சப்புக் கொட்டுவதும், ஏப்பம் விடுவதும், போனில் யாரிடமோ "மெடிக்கல் லைன் மாப்ள" என்று இளிப்பதும் அவளுக்குக் குமட்டலாக வந்தது. இந்த மனுஷனோடு எப்படி இத்தனை காலம் ஒரே பாயில் படுத்தோம் என்றுகூட யோசித்தாள். மகனைப் பார்த்தாலும் எரிச்சல்தான். புதுப் பெட்டி வாங்கி வந்து, அதன் சக்கரத்தை வீட்டுக்குள் உருட்டி உருட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

ஒரு சாயங்காலம் அவளே அவனிடம் சொன்னாள். "நாளைக்குக் காலைல என்கூட ஆஸ்பத்திரிக்கு வா. பொம்மை வெளையாட்டு வேற, வேலை வேற. வந்து பாரு."

அந்த வாரம் ஆண் உதவியாளர் லீவு. வார்டுப் பொறுப்பில் இருந்த வசுந்தரா சிஸ்டர் சௌராஷ்டிரக்காரப் பெண்மணி. கறாரானவர், ஆனால் ஆனிமேரியிடம் பிரியம் உண்டு. "ஜப்பான் போறதுக்கு ட்ரெயினிங்கா? வரட்டும் வரட்டும். மாஸ்க் மட்டும் போடச் சொல்லு" என்று அனுமதித்தார்.

ஆனிமேரி பார்த்துப் பார்த்துத்தான் கட்டிலைத் தேர்ந்தெடுத்தாள். அலங்காநல்லூர்ப் பக்கத்துக் கரும்பு விவசாயி சிவனாண்டி. பக்கவாதத்தில் ஒருபக்கம் விழுந்து, மூக்குக் குழாய் வழியே கஞ்சி. இரண்டு நாளாக வயிற்றுப்போக்கு வேறு. அவருடைய மகன் அழகுபாண்டி உள்ளே வருவதே இல்லை. மூக்கில் கர்ச்சீப்பை அழுத்திக்கொண்டு வராந்தாவிலேயே நிற்பான். நர்ஸ் யாராவது கடந்துபோனால், "அக்கா, எங்கப்பா ரெண்டுக்குப் போயிட்டாரு போல, ஆளை அனுப்புங்க" என்று கண்ணைக்கூடத் திருப்பாமல் சொல்வான். அவனைக் கண்டாலும் ஆனிமேரிக்கு ஆகாது. ஆனாலும் உள்ளுக்குள் அவன்மேல் ஒரு பொறாமை உண்டு. வராந்தாவிலேயே நிற்க முடிகிறதே!

திரைச்சீலையை இழுத்துவிட்டு, போர்வையை அவளே விலக்கினாள். சூடாக ஒரு வாடை எழுந்து முகத்தில் அறைந்தது. முதுகு வரைக்கும் ஏறியிருந்தது. வழக்கம்போல அவள் கண் ஜன்னலுக்குப் போனது. ஆனால் அன்று அவள் பார்க்கவேண்டியது மகனுடைய முகம். திரும்பிப் பார்த்தாள்.

ஜெய்சனின் கண்ணில் நீர் கட்டிவிட்டது.  "தாத்தா, கொஞ்சம் திருப்பட்டுமா?" என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. திரையை விலக்கிக்கொண்டு ஓடினான். குழாயடியில் அவன் வாந்தி எடுக்கிற சத்தம் தெளிவாகக் கேட்டது.

ஆனிமேரிக்கு வந்த சந்தோஷம் அப்படி இப்படி இல்லை. தாய்க்கு வரக்கூடாத சந்தோஷம்தான். எடுக்கட்டும், நல்லா எடுக்கட்டும். குடலோடு சேர்ந்து அந்த ஜப்பானும் வெளியே வந்து விழட்டும். பாதியில் நின்ற வேலையை முடிக்க அவள் கிளவுஸை மாட்டினாள்.

திரை விலகியது. முகத்தைக் கழுவிவிட்டுப் புது மாஸ்க்கோடு ஜெய்சன் வந்து நின்றான். "தள்ளுங்கம்மா" என்றான்.

"வேணாம்டா. போ. வெளிய போய் நில்லு."

"தள்ளுங்கன்னா."

அவன் செய்தான். நன்றாகச் செய்தான் என்று சொல்ல முடியாது. தண்ணீரைக் கீழே கொட்டினான், விரிப்பைத் தலைமாற்றிப் போட்டான். அவள் செய்வதைப் போல இரண்டு மடங்கு நேரம் எடுத்துக்கொண்டான். நடுவில் இரண்டு தரம் நிறுத்தித் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டான். ஆனால் கண்ணை எங்கேயும் திருப்பவில்லை. ஒவ்வொன்றுக்கும் முன்னால் கிழவரிடம் சொல்லிவிட்டே செய்தான்.

சிவனாண்டிக்கு வாய் கோணி இருந்தாலும் பேச்சு ஓரளவு வரும். "நாறப்பயலே, பச்சத் தண்ணில தொடைக்கியா? குளுருதுடா!" என்று நல்ல கையால் அவன் தோளில் ஓங்கி ஒன்று வைத்தார்.

ஜெய்சன் சிரித்தான். உண்மையாகவே சிரித்தான். "சரி தாத்தா, சுடுதண்ணி எடுத்துட்டு வாரேன். அதுவரைக்கும் திட்டிட்டு இருங்க."

அவன் சிரிப்பதைப் பார்க்க ஆனிமேரியால் முடியவில்லை. இவ்வளவு பார்த்துப் பார்த்து வளர்த்த பிள்ளை, கையில் இன்னொருவன் மலத்தோடு நின்று சிரிக்கிறான். எந்தச் சாக்கடையில் இவன் கால் படக்கூடாது என்று தூக்கிப் பிடித்தாளோ அதில் தானாகவே குதித்து நீந்துகிறான். அவள் வெளியே போய்ப் பின்படிக்கட்டில் உட்கார்ந்துகொண்டாள்.

கொஞ்ச நேரத்தில் ஜெய்சனும் வந்து பக்கத்தில் உட்கார்ந்தான். அவனிடமிருந்து வந்த ஃபினாயில் வாடைக்கு அவள் நகர்ந்துகொண்டாள்.

"நான் வாந்தி எடுத்தா விட்டுருவேன்னு தானம்மா கூட்டிட்டு வந்தீங்க?"

"ஆமா."

"மொத தடவைம்மா. போகப் போகப் பழகிரும். ஒங்களுக்குப் பழகலையா?"

அந்த வார்த்தைதான் அவளை உடைத்தது. "பழகலைடா!" என்றாள். சத்தமாகவே வந்துவிட்டது. "ஒரு நாளும் பழகல. இன்னைக்கும் அந்தாளு போர்வைய எடுத்தப்ப எனக்கு வயித்தப் பொரட்டுச்சு. நாளைக்கும் பொரட்டும். அவங்க எச்சில், சீழு, நாத்தம், எல்லாமே எனக்கு அருவருப்பு. பாவம்னுகூடத் தோணாது. எப்படா முடியும்னுதான் தோணும். தாயுள்ளமாம்! எனக்கு எந்த உள்ளமும் கெடையாது. உனக்கு ஏன் ஸ்பூன்ல ஊட்டுனேன்னு நெனச்ச? இந்தக் கைய ஒன் வாய்ல வைக்க எனக்கே கூசுச்சுடா."

ஜெய்சன் அவள் பக்கம் முழுசாகத் திரும்பினான். "பின்ன ஏம்மா வீட்டுல ஒருநாளும் சொல்லல?"

"சொன்னா நீ என் கையால ஆக்குனதத் திம்பியா?"

அவன் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டான். பிறகு மெதுவாகச் சொன்னான். "இன்டர்வியூவுல அந்த ஜப்பான்காரம்மா, நீ ஏன் இந்த வேலைக்கு வரேன்னு கேட்டாங்க. எங்கம்மா இதத்தான் செய்றாங்க, ஒருநாள்கூட முகம் சுளிச்சதில்ல, அவங்களப் பாத்து வளந்தவன் நான்னு சொன்னேன். அதுக்குத்தான் எடுத்தாங்க."

ஆனிமேரிக்கு யாரோ வாளியோடு தலையில் கவிழ்த்ததைப் போல இருந்தது. அவள் மூடி மூடி வைத்தது ஒன்று, இவன் பார்த்தது இன்னொன்று. அவள் போட்ட வேஷத்தைப் பார்த்து இவன் கிளம்புகிறான். இப்போது அவளுக்குக் குமட்டியது சிவனாண்டியை நினைத்தோ, கணவனை நினைத்தோ அல்ல.

"போகாதடா" என்றாள். அவளுக்கே பிடிக்காத, கெஞ்சுகிற குரலில்.

"விசா வந்துருச்சும்மா. எனக்குப் போகணும். ஷோரூம்ல நாள் பூராம் ஒரே பொய்யாப் பேசிக்கிட்டு நிக்கிறதவிட எனக்கு இது பிடிச்சிருக்கு. நீங்க வேணா அருவருப்புப் படுங்க. நான் வேணாம்னு சொல்லல" என்று எழுந்து போனான்.

மைக்கேல்ராஜ் அடங்கவில்லை. பயணத்துக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு முன்னால் சந்தின் அகலம் முழுக்கப் பந்தல் போட்டான். சந்து முனையில் ஃபிளெக்ஸ் ஏறியது. கோட்டு சூட்டு ஒட்டவைத்த ஜெய்சனின் படம், பின்னால் பனிமலை, கீழே 'ஜப்பான் நாட்டில் மருத்துவத் துறையில் உயர்பதவி ஏற்கச் செல்லும் எங்கள் குலவிளக்கு' என்று எழுத்து. அதன் ஓரத்தில் கூலிங்கிளாஸ் போட்டு மைக்கேல்ராஜும் நின்றான். வேலைக்குப் போகும்போதும் வரும்போதும் ஆனிமேரி அந்தப் பக்கம் தலையைத் திருப்பவே இல்லை.

மட்டன் பிரியாணி. ஐம்பது அறுபது பேர் வந்தார்கள். மைக்கேல்ராஜின் அண்ணன் மனைவி ரூத் முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். கே.கே. நகரில் சொந்த வீடு, கணவர் கவர்ன்மென்ட் கிளார்க். ஆனிமேரி ஆஸ்பத்திரியில் சேர்ந்த நாளிலிருந்து இந்த வீட்டில் ஒருவாய்த் தண்ணீர்கூடக் குடிக்காதவள். முன்பு ஒரு கிறிஸ்துமஸுக்கு ஆனிமேரி முறுக்குச் சுட்டுக் கொண்டுபோனபோது, "கையக் கழுவிட்டுத்தான சுட்ட?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டவள். இன்று இரண்டாவது தடவை கறி வாங்கிக்கொண்டு எலும்பை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். விரலிடுக்கில் நெய் வழிந்தது.

"ஆனி, இங்க வாயேன். எம் பையன் ஆலன் சும்மாதான் இருக்கான். ஜெய்சன்கிட்டச் சொல்லி அவனையும் அந்தக் கைகோ கம்பெனில ஏத்திவிடச் சொல்லு. ஆபீஸ் வேலைன்னா போதும், பெரிய பதவியெல்லாம் வேணாம்" என்றாள் ரூத். சொல்லிக்கொண்டே எண்ணெய்க் கையால் ஆனிமேரியின் கையைப் பிடித்தாள். இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக.

ஆனிமேரி அந்தக் கையைப் பார்த்தாள். அதிலிருந்து தன் கையை உருவிக்கொண்டாள்.

"அது கம்பெனி இல்லக்கா" என்றாள். பந்தலில் எல்லோருக்கும் கேட்கும்படிச் சொன்னாள். "எம் மகன் ஜப்பான்ல படுக்கையில கெடக்குற கெழவன் கெழவிக்குப் பீ தொடைக்கப் போறான். நான் இங்க செய்றேன், அவன் அங்க செய்யப் போறான். ஆலனையும் அனுப்புறீங்களா?"

வாய்க்குப் போன கைகள் அந்தரத்தில் நின்றன. ரூத் முகம் வெளுத்தது. யாரோ ஒருவர் மெல்ல இலையை மடக்கினார். மைக்கேல்ராஜ் பிரியாணி வாளி எதையோ எடுக்கப்போகிறவனைப் போலப் பந்தலுக்குப் பின்னால் நழுவினான்.

சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கு உறைத்தது. அடித்தது ரூத்தை, ஆனால் எறிந்த கல் ஜெய்சன். தன் பிள்ளையையே மலத்தில் தோய்த்து இவர்கள் இலையில் எறிந்துவிட்டாள். திரும்பி அவனைத் தேடினாள்.

ஜெய்சன் கையில் வெங்காயப் பச்சடிக் கிண்ணத்தோடு பந்திக்கு நடுவில் நின்றான். ஒரு நிமிஷம் அவன் காது சிவந்தது. பிறகு ரூத்தின் இலைக்கு முன்னால் வந்து குனிந்தான். "ஆமா பெரியம்மா, அம்மா சொல்றது சரிதான். நீங்க சாப்பிடுங்க. பச்சடி வைக்கவா?"

ரூத் எழுந்து போய்விட்டாள். பாதிப்பேர் அவள் பின்னால் போனார்கள். மிச்சமிருந்தவர்களில் பஸ் ஸ்டாண்டு டீக்கடை நல்லகாமன் மட்டும், "எனக்குக் கொஞ்சம் பச்சடி வை மாப்ள" என்று இலையை முன்னால் இழுத்துக்கொண்டார். "எங்கப்பனுக்கு நான் ஆறு மாசம் செஞ்சேன், பீ என்ன புதுசா" என்று யாரையும் பார்க்காமல் சொல்லிக்கொண்டே சாப்பிட்டார்.

அன்று ராத்திரியே மைக்கேல்ராஜ் ஃபிளெக்ஸைக் கழற்றி மடித்துக் கடைக்குக் கொண்டுபோய்விட்டான். மனைவியிடம் அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்கமாட்டான் என்று அவளுக்குத் தெரியும். அதுவும் அவளுக்கு அருவருப்பாகத்தான் இருந்தது.

ஊருக்கு வெளியே பெருங்குடி விமான நிலையத்தில், வழியனுப்ப வந்தவர்களை வாசலுக்கு அந்தப்பக்கம் விடவில்லை. ஜெய்சன் சென்னை போய் அங்கிருந்து விமானம் மாறவேண்டும். வளைகுடாவுக்குப் போகிற ஆட்கள் அட்டைப்பெட்டிகளைக் கயிறு கட்டி உருட்டிக்கொண்டு போனார்கள். எங்கே பார்த்தாலும் கட்டிப்பிடித்து அழுகிற கூட்டம். ஒருவர் மூக்கைச் சிந்தித் தூணில் தடவினார். ஒரு பெண் மகனின் தோளில் எச்சில் வழிய அழுதாள். ஆனிமேரி கைப்பையை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு தள்ளி நின்றாள். மைக்கேல்ராஜ் செல்போனை உயர்த்திப் பிடித்து, "சொல்லுடா, ஜப்பான் பாசைல எதாச்சும் சொல்லு" என்று வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான்.

ஜெய்சன் அவள் முன்னால் வந்து தலையைக் குனிந்தான். நெற்றியில் சிலுவை போட்டுவிடச் சொல்கிறான் என்று புரிந்தது. அவள் கட்டைவிரல் எழுந்து பாதியில் நின்றது.

"போடுங்கம்மா. எனக்குக் கூசாது" என்றான்.

போட்டாள். அவன் நெற்றி வியர்த்திருந்தது. கண்ணாடிக் கதவுக்கு அப்பால் அவனுடைய நீலச் சட்டை வரிசையில் கலந்து மறைகிற வரைக்கும் நின்றாள். அழுகை வரவில்லை. இந்தப் பையன் இனி யாரோ முகம் தெரியாத கிழவர்களின் படுக்கை ஓரத்தில் நிற்பான், அவர்கள் காறித் துப்புவார்கள், இவன் சிரிப்பான் என்ற நினைப்பில் வாய் முழுக்கக் கசந்தது. திரும்பி வரும்போது ரிங் ரோட்டில் ஆட்டோவை நிறுத்தச் சொல்லி ஓரமாகப் போய்த் துப்பிவிட்டு வந்தாள்.

அவன் போன மறு மாதம் ஆனிமேரி வசுந்தரா சிஸ்டர் முன்னால் போய் நின்றாள்.

"நான் நின்னுக்கிறேன் சிஸ்டர்."

"ஏன் ஆனி? மகன் ஜப்பான் போயிட்டான்னா?"

"இல்ல. எனக்கு இந்த வேலை அருவருப்பா இருக்கு."

வசுந்தரா சிஸ்டர் சிரித்தார். பிறகு அவள் முகத்தைப் பார்த்துவிட்டுச் சிரிப்பை நிறுத்தினார். "எப்போலருந்து?"

"மொத நாள்லருந்து."

சிஸ்டர் பேனாவை மூடி வைத்தார். அறிவுரை எதுவும் சொல்லவில்லை. "எனக்கு ரத்தம்னா ஆகாது. இருபத்திரெண்டு வயசுலருந்து சொல்லாமலே இருக்கேன்" என்று மட்டும் சொன்னார். 

அதே சந்தில் ஜெயபாண்டி என்பவரின் விசைத்தறிப் பட்டறையில் துண்டு மடிக்கிற வேலைக்கு அவள் சேர்ந்தாள். தறியிலிருந்து இறங்கிய, யார் உடம்பும் படாத புதுத் துண்டுகள். கஞ்சி வாடையும் பஞ்சு வாடையும் மட்டும்தான். பஞ்சுத்தூசி மூக்கில் ஏறித் தும்மல் வரும். அதை அவள் பொருட்படுத்தவில்லை. வீட்டுக்கு வந்ததும் ஒரே ஒரு தடவை கை கழுவினாள்.

ஜெய்சன் ஞாயிற்றுக்கிழமைகளில் வீடியோ காலில் வருவான். பனி பெய்வதைக் காட்டுவான், சாப்பிட்ட நூடுல்ஸைக் காட்டுவான். "எல்லாம் நல்லா இருக்கும்மா" என்பான். அவளும் ஒன்றும் கேட்கமாட்டாள். அந்த 'நல்லா இருக்கும்மா' அவளுக்குப் பிடிக்கவே இல்லை. இத்தனை வருஷம் அவளே வீட்டில் சொல்லிவந்த பொய் அது என்று அவளுக்குத் தெரியும்.

ஆறேழு மாதம் கழித்து ஒருநாள், ஞாயிற்றுக்கிழமை இல்லை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் அவன் கூப்பிட்டான். படத்தில் வரவில்லை, குரல் மட்டும் வந்தது.

"சாப்ட்டியாடா?"

"இல்லம்மா."

"ஏன்?"

 தண்ணீர்க் குழாயை மூடுகிற சத்தம் கேட்டது. பிறகு, "இன்னைக்கு எனக்குச் சோறு எறங்கலம்மா. இங்க யார்ட்டயும் சொல்ல முடியாது. எல்லாரும் சிரிச்ச முகமாவே இருக்காங்க" என்றான்.

மைக்கேல்ராஜ் பக்கத்தில் உட்கார்ந்து ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டிருந்தான். ஆனிமேரி போனின் சத்தத்தைக் குறைக்கவில்லை.

"என்னாச்சு? சொல்லு."

"வேணாம்மா. அசிங்கம்."

"அசிங்கம்னா எனக்குத் தெரியாதா? சொல்லுடா."

அவன் சொன்னான். ஒரு கிழவி, ராணி மாதிரி வாழ்ந்தவளாம், புத்தி பேதலித்துப்போனவள். அவள் கையில் என்ன வைத்திருந்தாள், அதைச் சுவரில் எப்படித் தேய்த்தாள், இவன் குனிந்தபோது அவனுடைய முகத்தில் எங்கே பூசினாள், மாஸ்க்குக்குள் எப்படிப் போனது என்று ஒன்று விடாமல் சொன்னான். மைக்கேல்ராஜ், "ஏய், சாப்புடுற நேரத்துல!" என்று தட்டைத் தூக்கிக்கொண்டு வாசலுக்கு ஓடினான். ஆனிமேரி சுவரில் சாய்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து, போனைக் காதோடு ஒட்டவைத்துக்கொண்டாள்.  ஆறுதலாக எதையும் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை.

"ச்சீய்!" என்றாள், அடிவயிற்றிலிருந்து.

 எதிர்முனையில் ஜெய்சன் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பும் அழுகையுமாக, "ஆமாம்மா, ச்சீய்தான்" என்றான்.

"அப்புறம்?" என்றாள் ஆனிமேரி. அவன் மிச்சத்தையும் சொன்னான்.